சாலமன் தீவுகளின் கூட்டு விமானத் தலைமை: பெயர்ப்பலகையா, உண்மையா?

மார்ச் 2, ஒரு வாசகரின் கேள்வி

இரண்டாம் உலகப் போரில், 1943-இல், ஜப்பானியக் கடற்படைத் தளபதி அட்மிரல் யமமோட்டோவின் விமானத்தை வீழ்த்தியவர்கள் அமெரிக்க இராணுவத்தின் விமானிகள். ஆணையிட்டவர் கடற்படை அட்மிரல். பசிபிக்கின் சாலமன் தீவுகளில் 'ஏர்சோல்ஸ்' என்ற கூட்டு விமானத் தலைமை இருந்தது, அமெரிக்க இராணுவம், கடற்படை, மரைன் (கடலிலிருந்து இறங்கித் தரையில் போரிடும் தனிப் படை), நியூசிலாந்து விமானப்படை என்று நான்கு படைகள் ஒரே குடையின் கீழ் நின்றன என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அது பெயர்ப்பலகையாகத்தான் தெரிகிறது. கடற்படை நாற்காலியில் உட்கார்ந்தது, மற்றவர்கள் ஓடியாடி வேலை செய்தார்கள். மறுப்பவர்கள் விவரத்தோடு மறுக்கவும்.

மார்ச் 2, இரவு 10.40

மறுக்கிறேன். பெயர்ப்பலகையாக இருந்தால் பலகையில் ஒரே படையின் பெயர்தான் கடைசிவரை தொங்கியிருக்கும்.

1943 பிப்ரவரி 15 அன்று குவாடல்கனலில் இந்தத் தலைமை தொடங்கியபோது பொறுப்பேற்றவர் ரியர் அட்மிரல் சார்லஸ் மேசன், கடற்படைக்காரர். ஏப்ரலில் வந்த மார்க் மிட்ஷரும் கடற்படை. ஜூலை 25 முதல் மேஜர் ஜெனரல் நேதன் ட்வைனிங், இவர் இராணுவ விமானப்படை. நவம்பர் 20 முதல் மேஜர் ஜெனரல் ரால்ஃப் மிட்செல், இவர் மரைன். ஒரு வருடம் முடிவதற்குள் மூன்று சீருடைகள் அதே நாற்காலியில் உட்கார்ந்தன.

அதைவிட முக்கியமானது கீழே இருந்த அமைப்பு. சண்டை விமானங்களுக்கு ஒரு பிரிவு. முக்குளித்துக் குண்டு வீசும் விமானங்களுக்கும் டார்பிடோ விமானங்களுக்கும் ஒரு பிரிவு. தொலைதூரக் குண்டுவீச்சு விமானங்களுக்கு ஒரு பிரிவு. பிரித்தது வேலையை வைத்து, சட்டையின் நிறத்தை வைத்து அல்ல. காலையில் சண்டை விமானப் பிரிவின் பலகையில் இராணுவத்தின் லைட்னிங், மரைன்களின் கோர்செயர், நியூசிலாந்துக்காரர்களின் கிட்டிஹாக் மூன்றும் ஒரே பட்டியலில் இருக்கும். எது எந்த உயரத்தில் நன்றாகப் பறக்குமோ அந்த உயரத்தில் அது நிற்கும். கிட்டிஹாக் கீழே, லைட்னிங் உச்சியில்.

நான் விமானப்படையில் இருபது ஆண்டுகள் எஞ்சின் பிரிவில் தரைப்பணி செய்தவன். இரண்டு பிரிவுகள் ஒரே ஓடுதளத்தைப் பகிர்ந்துகொள்வது எவ்வளவு கடினம் என்று கையால் தெரிந்தவன். அதனால்தான் இந்தத் தீவுக்காரர்கள் மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு.

மார்ச் 3, காலை 6.15

நேற்று அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். அப்போது அமெரிக்காவில் விமானப்படை தனிப் படையாக இல்லை. 1947 வரை அது இராணுவத்தின் ஒரு பகுதி. அதனால் 'இராணுவ விமானி' என்று கேள்வியில் எழுதியது சரிதான்.

மார்ச் 3, மாலை 7.30

இந்தக் கூட்டு 1943 பிப்ரவரியில் காகிதத்தில் பிறந்தது. பழக்கத்தில் பிறந்தது அதற்கும் முன்னால், 1942 ஆகஸ்ட் 20 அன்று.

அன்றுதான் குவாடல்கனலின் ஹெண்டர்சன் ஓடுதளத்தில் முதல் சண்டைப் பிரிவுகளின் விமானங்கள் இறங்கின. 19 வைல்ட்கேட் சண்டை விமானங்கள், 12 டான்ட்லெஸ் குண்டுவீச்சு விமானங்கள். ஜப்பானியர் கட்டத் தொடங்கி, அமெரிக்க மரைன்கள் பிடித்து முடித்த ஓடுதளம் அது. தீவின் சங்கேதப் பெயர் 'காக்டஸ்'. அதனால் அங்கே பறந்தவர்களை 'காக்டஸ் விமானப்படை' என்றார்கள். மரைன், கடற்படை, இராணுவம் என்று யார் வந்து இறங்கினாலும் அதில் சேர்ந்தார்கள். விமானந்தாங்கிக் கப்பல் அடிபட்டுத் திரும்ப இடமில்லாமல் வந்தவர்களும் உண்டு.

எரிபொருள் லாரி கிடையாது. பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இறைத்துத்தான் தொட்டியை நிரப்பினார்கள். குண்டு தூக்கும் எந்திரமும் தொடக்கத்தில் இல்லை. 500 பவுண்டு குண்டைத் தோளும் கையுமாகத் தூக்கி விமானத்தின் வயிற்றில் மாட்டினார்கள்.

பீப்பாய் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நான் பணியில் சேர்ந்த காலத்தில் டகோட்டா விமானங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அசாமில் ஒரு சிறிய தளத்தில் பவுசர், அதாவது எரிபொருள் லாரி, பழுதாகிவிட்டால் நாங்களும் பீப்பாயை உருட்டிக்கொண்டு வருவோம். வாயகன்ற புனலில் ஷாமாய் என்ற மென்மையான தோலை விரித்து அதன் வழியாக ஊற்றுவோம். பெட்ரோல் இறங்கிவிடும். தண்ணீர் இறங்காது, தோலின் மேல் முத்து முத்தாக நின்றுவிடும். மழைக்காலத்துப் பீப்பாயில் அந்த முத்துக்கள் நிறைய வரும். தோலைப் பிழிந்து உதறிவிட்டு மறுபடி விரிக்க வேண்டும். ஒரு விமானத்துக்கு இரண்டு பேர், முதுகு ஒடிய ஒன்றரை மணி நேரம். இதைத் தலைக்கு மேல் குண்டு விழும் இடத்தில், மலேரியாக் காய்ச்சலோடு, நாள் தவறாமல் செய்தவர்களைப் பற்றி நினைத்துப் பாருங்கள்.

அந்த அக்டோபர் 13 இரவு இரண்டு ஜப்பானியப் போர்க்கப்பல்கள், கொங்கோ, ஹருனா, ஹெண்டர்சன் மேல் 900-க்கும் மேற்பட்ட பெரிய குண்டுகளைச் சுட்டன. எரிபொருள் ஏறக்குறைய எல்லாமே எரிந்துபோயிற்று. மறுநாள் என்ன செய்தார்கள் தெரியுமா? சேதமடைந்து நின்ற இராணுவக் குண்டுவீச்சு விமானங்களின் தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுத்து மற்ற விமானங்களுக்கு ஊற்றினார்கள். போக்குவரத்து விமானங்கள் தலைக்குப் பன்னிரண்டு பீப்பாய்களைச் சுமந்து வந்தன. ஒரு விமானம் கொண்டுவரும் பன்னிரண்டு பீப்பாய் பன்னிரண்டு வைல்ட்கேட்டுகளை ஒரு மணி நேரம்தான் வானில் வைத்திருக்கும். ஆம்பர்ஜாக் என்ற நீர்மூழ்கிக் கப்பல்கூட 9,000 காலன் பெட்ரோலைச் சுமந்து வந்தது.

இது யாருடைய பெட்ரோல் என்று அந்த நாளில் கேட்டுக்கொண்டு நின்றிருந்தால் தீவு போயிருக்கும்.

மார்ச் 4, இரவு 9.00

இனி கேள்வி கேட்டவரின் கையில் இருக்கும் சான்றுக்கே வருகிறேன். யமமோட்டோ வேட்டையைக் கடற்படை ஆணையிட்டு இராணுவம் செய்த வேலை என்று சுருக்கிவிட முடியாது. பிரித்துப் பார்த்தால் அதுவே என் பக்கம் பேசும் சாட்சி.

யமமோட்டோவின் பயணத்திட்டத்தைச் சொன்ன ஜப்பானியச் செய்தியை 1943 ஏப்ரல் 14 அன்று பிடித்து உடைத்தவர்கள் கடற்படையின் சங்கேதப் பிரிவினர். 18-ஆம் தேதி காலை அவர் ஜப்பானியரின் பெரிய தளமான ராபவுலிலிருந்து புறப்பட்டு பூகன்வில் தீவின் பக்கம் உள்ள பல்லாலே தீவுக்குப் பறப்பார் என்று நேரத்தோடு இருந்தது. குவாடல்கனலிலிருந்து அவ்வளவு தூரம் போய்த் திரும்பக்கூடிய சண்டை விமானம் இராணுவத்தின் லைட்னிங் மட்டும்தான். சண்டை விமானப் பிரிவில் முதல் வழித்திட்டத்தைப் போட்டவர் ஜான் காண்டன், அவர் மரைன் அதிகாரி.

17-ஆம் தேதி பதுங்குகுழியில் கூட்டம். யமமோட்டோ தரையிறங்கிப் படகில் ஏறும்போது அடிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. பறந்து போகவேண்டிய இராணுவ மேஜர் ஜான் மிட்செல் மறுத்தார். எங்களுக்கு ஒரு படகுக்கும் இன்னொரு படகுக்கும் வித்தியாசம் தெரியாது, வானில்தான் அடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. முடிவு அட்மிரல் மிட்ஷர் கையில். கடற்படைக்காரரான அவர், போகிறவன் சொல்வதே சரி என்று இராணுவ மேஜரின் பக்கம் நின்றார். நாற்காலியில் உட்கார்ந்து வேலை வாங்குகிறவர் செய்கிற காரியமா இது?

விமானத்தில் இருந்த சிறிய திசைகாட்டி போதாது என்று மிட்செல் சொன்னார். கடற்படையின் பெரிய திசைகாட்டி ஒன்றை அவர் விமானத்தில் பொருத்தினார்கள். போதிய அளவுள்ள கூடுதல் எரிபொருள் தொட்டி குவாடல்கனலில் இல்லை. நியூகினியிலிருந்து, அதாவது வேறொரு போர்முனையின் கையிருப்பிலிருந்து, 310 காலன் தொட்டிகள் அன்று விமானத்தில் வந்து இறங்கின. இரவோடிரவாக ஒவ்வொரு லைட்னிங்குக்கும் ஒரு பக்கம் 310, மறுபக்கம் 165 என்று மாட்டினார்கள்.

நான் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். இரண்டு இறக்கைக்கும் கீழே வெவ்வேறு எடை. மாட்டும் கொக்கியில் ஒரு சிறு பிசகு இருந்தாலும் எடுத்தெறிய வேண்டிய நேரத்தில் தொட்டி கழன்று விழாது. குழாய் இணைப்பில் காற்று புகுந்தால் பெட்ரோல் ஏறாது. விளக்கைத் தாராளமாக எரிக்கவும் முடியாது. விரல் நுனியால் தடவிப் பார்த்து, இணைப்பு உட்கார்ந்துவிட்டதா என்று உணர்ந்துதான் அடுத்ததுக்குப் போயிருப்பார்கள். பதினெட்டு விமானம், முப்பத்தாறு தொட்டி.

காலையில் புறப்பட்டார்கள். ஜப்பானியர் கண்ணில் படாமலிருக்கக் கடலைத் தொடும் உயரத்தில், வானொலியை அணைத்துவிட்டு, போக மட்டும் சுற்றிவளைத்து ஏறத்தாழ 600 மைல். மிட்செலிடம் இருந்தவை அந்தத் திசைகாட்டி, கைக்கடிகாரம், வேகமானி. குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தார்கள். எதிரே ஜப்பானியரின் இரண்டு குண்டுவீச்சு விமானங்கள், ஆறு ஜீரோ சண்டை விமானங்கள். பதினெட்டு லைட்னிங்குகளும் மேலே ஏறின.

மார்ச் 4, இரவு 11.20

திருத்தம். திட்டமிட்டது பதினெட்டு, போய்ச் சேர்ந்தது பதினாறு. ஒன்றுக்கு ஓடுதளத்தின் இரும்புத் தகடு கிழித்து டயர் வெடித்தது. இன்னொன்றுக்குக் கூடுதல் தொட்டியிலிருந்து பெட்ரோல் ஏறவில்லை, வழியிலேயே திரும்பியது. இரண்டுமே நேரடியாக யமமோட்டோவைத் தாக்க ஒதுக்கிய நால்வரில் இருந்தவர்கள். உடனே வேறு இருவர் அந்த இடத்துக்கு வந்தார்கள். அப்படி வந்த ரேமண்ட் ஹைன் திரும்பி வரவில்லை. அன்று போன அமெரிக்கர்களில் அவர் ஒருவர்தான் பலி.

தொட்டி ஏறாமல் போன அந்த ஒரு விமானத்தின் தரைப்பணியாளர் அன்று பகலெல்லாம் எப்படி இருந்திருப்பார் என்று யோசித்துத்தான் தூக்கம் வராமல் எழுந்து இதை எழுதுகிறேன்.

மார்ச் 6, பிற்பகல் 3.10

கேள்வி கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார்: "மேலே யார்? தென் பசிபிக் முழுவதற்கும் தளபதியான ஹால்சி. அவர் கடற்படை. ஹால்சிக்குக் கீழே தென் பசிபிக்கின் எல்லா விமானங்களுக்கும் தலைவர் ஆப்ரி ஃபிட்ச். அவரும் கடற்படை. நடுவில் ஒரு நாற்காலியைச் சுழற்றிவிட்டு உரிமையை மேலே வைத்துக்கொண்டார்கள்."

இரண்டு நாள் யோசித்தேன். இதில் நியாயம் இருக்கிறது. முதல் பதிவில் நான் எழுதியது ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து எழுதியது.

இராணுவத்தின் தென் பசிபிக் தளபதி மில்லார்ட் ஹார்மன் இதே குறையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இராணுவத்தின் பெரிய குண்டுவீச்சு விமானங்களைக் கடற்படை தன் கப்பல்களுக்காகக் கடலைத் தேடிப் பார்க்கும் வேலைக்கு அனுப்புகிறது, குண்டு வீசப் பழகியவர்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பறக்கிறார்கள் என்பது அவர் மனத்தாங்கல். அந்த அழுத்தத்தில்தான் 1943 ஜனவரி 13 அன்று பதின்மூன்றாம் விமானப்படை உருவானது. அதற்கு முதல் தலைவர் ட்வைனிங். ஆனால் சம்பளம், பயிற்சி, பழுதுபார்ப்பு எல்லாம் அவர் கையில் இருந்தாலும், இன்று எங்கே பறப்பது என்பது ஃபிட்ச் வழியாகத்தான் வந்தது.

ஆக மேல்மாடி கடைசிவரை கடற்படையுடையது. ஒப்புக்கொள்கிறேன். என் வாதத்தைத் தீவுக்குள் சுருக்கிக்கொள்கிறேன்: ஓடுதளத்தில் கூட்டு உண்மை. தூரத்தில், நியூ கலிடோனியாவின் நூமேயாவில், ஹால்சியின் தலைமையகத்தில் அது எவ்வளவு உண்மை என்பது வேறு விவாதம்.

மார்ச் 6, இரவு 8.45

நான் ஏன் ஓடுதளத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒருவர் கேட்டார். சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ள நிவாரணப் பணி. இடமும் பிரிவும் வேண்டாம். எங்கள் ஹெலிகாப்டருக்கு எரிபொருள் தீர்ந்துவிட்டது. இருபதடி தூரத்தில் அதே எரிபொருள், முத்திரை உடையாத பீப்பாய்களில், வரிசையாக நிற்கிறது. ஆனால் அது வேறொரு படையின் கணக்கு. அங்கிருந்த இளம் அதிகாரி நல்லவர்தான். கையொப்பம் வராமல் ஒரு பீப்பாயையும் திறக்க அவருக்கு உரிமை இல்லை. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு அல்லவா? கையொப்பம் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நேரம் முழுவதும் விமானி இருக்கையிலிருந்து இறங்கவில்லை, பீப்பாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை வெளிச்சம் இருந்தவரை நான்கு முறை போயிருக்க வேண்டியவர் இரண்டு முறைதான் போனார்.

ஹெண்டர்சனில் குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுத்தவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இருபதடி தூரம்தான் கண்முன் வரும்.

மார்ச் 8, காலை 5.50

1943 டிசம்பர் 17 பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கூட்டுக்குப் பெரிய சான்றாக எல்லோரும் அதைக் காட்டுவார்கள். நான் காட்ட மாட்டேன், ஏன் என்று சொல்கிறேன்.

அன்று ஏர்சோல்ஸ் முதன்முறையாக ராபவுல் மேல் சண்டை விமானங்களை மட்டும் அனுப்பியது. 31 கோர்செயர், மரைன்கள். 22 ஹெல்கேட், கடற்படை. 23 கிட்டிஹாக், நியூசிலாந்து. மொத்தம் 76. தலைமை மரைன் மேஜர் கிரெகரி பாயிங்டன். பூகன்வில்லின் டொரொகினாவில் ஓடுதளம் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

படத்துக்கு அழகான காட்சி. நடந்தது வேறு. ஒரு விமானம் வேகம், ஒன்று மெது. ஒன்று உயரத்தில் நன்றாகப் பறக்கும், ஒன்று தாழ்வில். முன்னால் போன நியூசிலாந்துக்காரர்கள் சண்டையில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய தலைவர் விங் கமாண்டர் ட்ரெவர் ஃப்ரீமன் திரும்பவில்லை. பின்னால் வந்த பெருங்கூட்டத்தைக் கண்டு மற்ற ஜப்பானியர்கள் எழும்பவே இல்லை. பாயிங்டன் திரும்பி வந்து சொன்னது இதுதான்: கூட்டம் அதிகம், 36 முதல் 48 போதும், விமான வகையும் முடிந்தவரை குறைவாக இருக்கட்டும். டிசம்பர் 23 அன்று குண்டுவீச்சு முடிந்த கையோடு 48 சண்டை விமானங்கள் போயின. அன்று சண்டை நன்றாகவே கிடைத்தது.

எல்லோரையும் எல்லாவற்றிலும் சேர்ப்பது கூட்டு ஆகாது என்று ஆறே நாளில் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொண்டதைக் கேட்க ஆள் இருந்தது என்பதே எனக்குப் பெரிது.

(இரு தரப்பும் சொன்ன வீழ்த்திய கணக்குகளை நான் எழுதுவதில்லை. எல்லாப் போரிலும் விமானிகளின் கணக்கு உண்மையைவிட அதிகம்தான். பொய் என்று இல்லை, ஒரே விமானத்தை மூவர் சுட்டால் மூவரும் தம்முடையது என்று நம்புவார்கள். யமமோட்டோவை வீழ்த்தியது அந்தத் தாக்கும் நால்வரில் லான்ஃபியர் என்பவரா, பார்பர் என்பவரா என்ற சண்டை பல பத்தாண்டுகள் ஓடியதே.)

மார்ச் 8, காலை 6.05

நியூசிலாந்துக்காரர்களைப் பற்றி இன்னும் ஒன்று. அவர்களுடைய சண்டைப் படைப்பிரிவுகள் சில வாரங்கள் வந்து பறந்துவிட்டு ஓய்வுக்குப் போகும். ஆரம்பத்தில் தரைப்பணியாளர்களும் அந்தந்தப் பிரிவோடு கட்டுண்டிருந்தார்கள். பிறகு அவர்களைப் பிரித்துத் தனிப் பராமரிப்புப் பிரிவுகளாக்கித் தீவிலேயே வைத்துவிட்டார்கள். விமானிகள் மாறுவார்கள், விமானமும் அதைப் பார்த்துக்கொள்ளும் கையும் மாறாது. எஞ்சினின் குரலைத் தெரிந்தவன் அதன் பக்கத்திலேயே இருப்பான். எவ்வளவு சரியான ஏற்பாடு என்று என் தொழிலில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

1944-இல் அவர்களுடைய 25-ஆம் பிரிவு பூகன்வில்லிலிருந்து டான்ட்லெஸ் விமானங்களில் ராபவுலைத் தாக்கியது. அந்த விமானங்கள் மரைன்களிடமிருந்து கைமாறி வந்தவை.

மார்ச் 9, இரவு 10.15

மூன்று பேர் பெயர்களைக் குழப்பிக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். குழப்பம் அவர்கள் தவறு அல்ல, நானும் தலைமுறை தலைமுறையாகக் குழம்பினவன்போல் ஒரு காலத்தில் குழம்பியவன்தான்.

யமமோட்டோ வேட்டைக்குத் தலைமை தாங்கிய ஜான் மிட்செல் இராணுவ மேஜர். ஏர்சோல்ஸ் தலைவரான ரால்ஃப் மிட்செல் மரைன் ஜெனரல். உறவு இல்லை. மிட்ஷர் என்பவர் வேறு, அட்மிரல். முதல் தலைவர் சார்லஸ் மேசன் அட்மிரல். பூகன்வில் மலையில் ஒளிந்திருந்து ஜப்பானிய விமானங்கள் புறப்படுவதை வானொலியில் சொன்ன பால் மேசன் ஆஸ்திரேலியக் கடலோரக் காவலர். மனத்தாங்கல் கொண்ட ஹார்மன் மில்லார்ட். 1944 மார்ச்சில் ஏர்சோல்ஸ் தலைமைக்கு வந்த ஹார்மன் ஹியூபர்ட். இவர்கள் இருவரும் மட்டும் உடன்பிறந்த அண்ணன் தம்பி.

மார்ச் 10, மாலை 6.40

ட்வைனிங் கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்கு ஆறாது.

1943 ஜனவரி கடைசியில் அவர் குவாடல்கனலிலிருந்து தெற்கே உள்ள எஸ்பிரிட்டு சாண்டோ தீவுத் தளத்துக்கு ஒரு குண்டுவீச்சு விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். வானிலை மோசமாகி, வழி தவறி, எரிபொருள் தீர்ந்து விமானம் கடலில் இறங்கியது. பதினைந்து பேர், ரப்பர்ப் படகுகளில், ஆறு நாட்கள். உணவு பெயருக்குத்தான் இருந்தது. தேடிக் கண்டுபிடித்துத் தண்ணீரில் இறங்கித் தூக்கிக்கொண்டு வந்தது கடற்படையின் கேட்டலினா நீர்விமானம்.

ஆறு மாதம் கழித்து அதே இராணுவ ஜெனரல் கடற்படை விமானங்களுக்கும் சேர்த்துத் தலைவராகிறார். இந்தக் கேட்டலினாக்கள் ஏர்சோல்ஸ் காலத்தில் மீட்புக்காகவே சண்டைப் பகுதியின் ஓரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. 'டம்போ' என்று செல்லப்பெயர். விழுந்த விமானியின் சீருடை எது என்று டம்போ பார்த்ததில்லை. கடலில் விழுந்தால் யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒற்றை எஞ்சின் விமானத்தில் அவ்வளவு தண்ணீரைத் தாண்டிப் போக மனம் வரும்.

ட்வைனிங் பின்னாளில், 1957-இல், அமெரிக்க முப்படைத் தளபதிகள் குழுவுக்கே தலைவரானார். விமானப்படையிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள்.

மார்ச் 12, காலை 7.00

"நம் நாட்டில் இப்படி உண்டா?" என்ற கேள்விக்குச் சுருக்கமாக: உண்டு, அதுவும் தீவில்தான். 2001-இல் போர்ட் பிளேரில் தொடங்கிய அந்தமான் நிக்கோபார் தலைமையகம் இந்தியாவின் முதல் முப்படைக் கூட்டுத் தலைமை. மூன்று படைகளிலிருந்தும் அதற்குத் தளபதிகள் வந்திருக்கிறார்கள். நான் அங்கே பணியாற்றியதில்லை, அதனால் அதைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதட்டும்.

மார்ச் 14, இரவு 9.30

ஒரு வாரமாக ஜெனரல், அட்மிரல் என்றே எழுதிவிட்டேன். தீவின் மக்களை நான்கு பதிவில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. இது பெரிய குறை, சரிசெய்கிறேன்.

ராபவுலிலிருந்து விமானங்கள் புறப்பட்டால் குவாடல்கனல் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடையில் பூகன்வில்லில் ஜாக் ரீட், பால் மேசன் போன்ற கடலோரக் காவலர்கள் எண்ணிச் சொல்லிவிடுவார்கள். அந்த எச்சரிக்கை இருந்ததால்தான் வைல்ட்கேட்டுகள் மேலே ஏறி உயரம் பிடித்துக் காத்திருக்க முடிந்தது. அந்தக் காவலர்களுக்குச் சோறு போட்டு, பாரமான வானொலிப் பெட்டியையும் பேட்டரியையும் மலைமேல் சுமந்து, ஜப்பானியர் வருவதை முன்கூட்டிச் சொல்லிக் காப்பாற்றியவர்கள் தீவு மக்கள்.

நியூ ஜார்ஜியாவில் செகி என்ற இடத்தில் டொனால்ட் கென்னடி என்ற காவலர் உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஜப்பானியரைக் கிட்டவிடாமல் வைத்திருந்தார். அவர் பிடித்து வைத்திருந்த அந்த நிலத்தில்தான் 1943 ஜூன் 30 அன்று கடற்படையின் கட்டுமானப் படையினர் வேலையைத் தொடங்கி, பத்துப் பதினோரு நாளில் சண்டை விமானம் இறங்க ஓடுதளம் போட்டுவிட்டார்கள். அதே தீவில் ஜப்பானியரிடம் இருந்த முண்டா ஓடுதளத்தைப் பிடிக்கும் சண்டைக்கு அது கைகொடுத்தது. ஆகஸ்ட் 5 அன்று முண்டா விழுந்தது.

முண்டாவில் ஜப்பானியர் ஓடுதளத்தைத் தென்னந்தோப்புக்குள் மறைத்துக் கட்டினார்கள். தென்னையின் அடிமரத்தை வெட்டிவிட்டு, கொண்டையை மட்டும் கம்பிகளில் தொங்கவிட்டார்கள். மேலிருந்து பார்த்தால் தோப்பு, கீழே ஓடுதளம். ஓலை வாடி நிறம் மாறியதும் புகைப்படம் எடுக்கப் போன விமானங்கள் கண்டுகொண்டன என்பார்கள். வாடின ஓலையின் நிறம் தென்னை வளர்க்கும் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மார்ச் 15, காலை 6.20

திருத்தம் இரண்டு. நேற்று "நான்கு பதிவில்" என்று எழுதினேன், எண்ணிப் பார்த்தால் பத்துக்கு மேல். குறை அதற்கேற்பப் பெரியது. இரண்டாவது, மார்ச் 9 பதிவில் குழப்பத்தைப் பற்றி எழுதிய முதல் வாக்கியம் தாறுமாறாகிவிட்டது. நானும் ஒரு காலத்தில் குழம்பியவன் என்று மட்டும் படிக்கவும்.

மார்ச் 17, இரவு 8.00

எப்படி முடிந்தது என்று கேட்டவருக்கு.

தலைமையகம் சண்டையோடு கூடவே நகர்ந்தது. குவாடல்கனல், பிறகு முண்டா, பிறகு டொரொகினா. குவாடல்கனலிலிருந்து ராபவுல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். டொரொகினாவிலிருந்து நானூறுகூட இல்லை. இந்தக் கணக்குக்காகத்தான் ஒவ்வொரு தீவும். டொரொகினா ஓடுதளம் சதுப்பில் போட்டது. வேலை முடிவதற்கு முன்பே, நவம்பரில், அடிபட்ட டான்ட்லெஸ் ஒன்று மண்வாரி எந்திரங்களுக்கு நடுவே அவசரமாக வந்து இறங்கியது. டிசம்பர் 10 அன்று கோர்செயர்கள் வந்தன.

1944 பிப்ரவரி நடுவில் அமெரிக்கக் கப்பல்படை ஜப்பானியக் கடற்படைத் தளமான ட்ரக் தீவைத் தாக்கியதும், ஜப்பானியக் கடற்படை ராபவுலிலிருந்த விமானங்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு ராபவுலில் எதிர்த்துப் பறக்க ஏறக்குறைய யாரும் இல்லை. ஒரு லட்சத்துக்கு நெருக்கமான ஜப்பானியர் அந்த வட்டாரத்தில் போர் முடியும்வரை அடைபட்டுக் கிடந்தார்கள். யாரும் அங்கே தரையிறங்கிப் போரிடவில்லை. ராபவுல் போல் ஒரு கோட்டையில் இறங்கியிருந்தால் இரு பக்கமும் எத்தனை பிள்ளைகள் போயிருப்பார்கள்! அந்த இறக்கத்தைத் தேவையில்லாமல் செய்ததில் ஏர்சோல்ஸுக்குப் பெரும்பங்கு உண்டு.

1944 ஜூன் 15 அன்று ஏர்சோல்ஸ் கலைக்கப்பட்டது. அன்று தலைவர் ரால்ஃப் மிட்செல், இரண்டாம் முறையாக. அவருக்கு நடுவில் ஹியூபர்ட் ஹார்மனும் மரைன் படையின் ஃபீல்டு ஹாரிஸும் சிறிது காலம் இருந்தார்கள்.

மார்ச் 19, காலை 6.30

டயரைக் கிழித்த இரும்புத் தகடு எப்படி இருக்கும் என்று ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்.

பத்தடி நீளம், ஒன்றேகால் அடி அகலம். ஒவ்வொரு தகட்டிலும் மூன்று வரிசையில் வட்டத் துளைகள், கை நுழையும் அளவு. ஒரு ஓரத்தில் கொக்கி, மறு ஓரத்தில் அதற்கான பள்ளம். ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போனால் சேற்றின் மேல் ஓடுதளம். துளையின் விளிம்பு மடிந்திருக்கும். அது நெளிந்து நிமிர்ந்தால் கத்தி மாதிரி.

இதே தகடு அந்தப் போரில் அசாமுக்கும் டன் கணக்கில் வந்தது. நான் அங்கே இருந்தபோது தளத்துக்கு வெளியே ஒரு வீட்டின் வேலி முழுவதும் இந்தத் தகடுதான், நெட்டுக்குத்தாக நட்டிருந்தார்கள். துளைகளின் வழியாகப் பாகல் கொடி நுழைந்து மறுபக்கம் காய்த்திருக்கும். அந்த வீட்டு அம்மாள் எங்களைக் கண்டால் இரண்டு காய் பறித்துக் கொடுப்பார். ஒருமுறை பறிக்கப்போய் விளிம்பில் என் மணிக்கட்டைக் கிழித்துக்கொண்டேன். தழும்பு இருக்கிறது. டயர் எப்படிக் கிழியும் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.